மூன்றாம் தொட்டியின் தாயும் தகப்பனும்

"கத்திய மறந்துடாதீங்க. சாயந்தரம் சங்கரா மீனு அரியணும்."

வாசற்படியில் நின்று அகஸ்டினா இதைச் சொன்னாள். ஒரு கை இடுப்பில் இருந்தது, மற்றது நிறைமாத வயிற்றின்மேல் இருந்தது. கத்தியின் மரப்பிடி போன மழைக்காலத்தில் பிளந்துபோயிருந்தது. வலை பின்னுகிற நீலக் கயிற்றை இறுக்கச் சுற்றி அவளே அதைச் சரிசெய்திருந்தாள்.

"மறப்பேனா?" என்றான் கிறிஸ்துதாஸ்.

"போன வாரம் தூக்குவாளிய மறந்தீங்க. அதுக்கு முந்தி கொடைய மறந்தீங்க. தலைய மட்டும் எப்பிடியோ தெனம் கொண்டாந்துடுறீங்க."

சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் ஆனி மாதம் அது. கடற்கரையை ஒட்டிப் பிரெஞ்சு அரசாங்கம் நடத்திய கடற்பிராணி நிலையத்தில் அவன் தொட்டிக்காரன். கடல்நீர் மாற்றுவதும், பிராணிகளைப் பிடித்துவந்து விடுவதும், செத்தவற்றை எடுப்பதும் அவன் வேலை. வீட்டுக் கத்தியை அவன் எடுத்துப் போக வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. நிலையத்தின் சுரண்டி துருப்பிடித்துப்போயிருந்தது. புதியது வாங்க வேண்டுமானால் பழையது துருப்பிடித்திருக்கிறது என்று மூன்று அதிகாரிகள் சான்று தர வேண்டும். இரண்டு பேர் தந்துவிட்டார்கள். மூன்றாமவர் விடுப்பில் பிரான்சுக்குப் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

அன்றைய வேலையை நிலையத்தின் இயக்குநர், பிரெஞ்சுத் துரை முசே குர்போ விளக்கிச் சொன்னார். கப்பல் பாலத்தடியில் ஒதுங்கிய பழைய படகுப் பலகை ஒன்று மூன்றாம் தொட்டியில் கிடந்தது. பலகை முழுவதும் கொட்டலசு. படகின் அடியில் ஒட்டிக்கொண்டு, கால் வைத்தவர் பாதத்தைக் கிழிக்குமே, அந்த வெள்ளை ஓட்டுப் பூச்சிதான்.

"இது தலையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு காலால் சாப்பிடும் ஜீவன்" என்றார் முசே குர்போ. இருபது வருஷம் இந்த ஊரில் இருந்ததால் அவர் தமிழ் பேசுவார், ஆனால் சொற்பொழிவாகத்தான் பேசுவார். "ஒவ்வொன்றும் ஆண். ஒவ்வொன்றும் பெண். தான் அசையாமலே, தன் உடம்பைப்போல் பல மடங்கு நீளும் உறுப்பை நீட்டிப் பக்கத்து வீட்டின் முட்டைகளுக்குத் தகப்பன் ஆகும். பக்கத்து வீடு இதற்கு அந்த உதவியைச் செய்யும். சரி. பக்கத்து வீடே இல்லாவிட்டால்? ஒற்றையாய் விடப்பட்டது தனக்குத் தானே தகப்பன் ஆகுமா? ஆகாது என்று சென்னையில் ஓர் ஆங்கிலேயர் எழுதிவிட்டார். ஆகும் என்று நிரூபிப்பது பிரான்சின் கடமை. ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சுரண்டி எடு."

கிறிஸ்துதாஸ் சுரண்டினான். பலகையின் நடுவில் ஒன்றே ஒன்று மிச்சம் நின்றது. காலை நீட்டி நீரைத் துழாவி உள்ளே இழுத்துக்கொண்டது. நீட்டியது, மறுபடி இழுத்துக்கொண்டது.

வேலை முடிந்து கத்தியைக் கழுவியபோது முசே எமீல் தணிகாசலம் வந்தார். அவர் காலையில் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அதிகாரி, மதியத்துக்குமேல் இந்த நிலையத்தின் பதிவாளர். வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்திருப்பார். அவருடைய பாட்டனார் காலத்திலேயே குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுவிட்டது, அதனால் துரைமாரைப்போல் அவரும் 'முசே'. அவர் எழுதாத எதுவும் உலகத்தில் நடந்ததாக அவர் நினைப்பதில்லை.

"இது இன்னா?"

"கத்தி முசே. வூட்டுது."

"இரும்பு. தொட்டி அறைக்குள்ள இரும்பு வந்தா எழுதியாகணும்" என்று பொருள்பட்டியல் புத்தகத்தைத் திறந்தார். நாற்பத்தொன்றாம் எண் காலியாக இருந்தது. கத்தியின் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார். பிடியில் சுற்றியிருந்த கயிற்றை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினார்.

அப்போதுதான் ரோசா வாசலில் வந்து நின்றாள். அடுத்த வீட்டுக்காரி, மீன் விற்கிறவள், கிறிஸ்துதாசுக்கு அக்கா முறை. வைத்திக்குப்பத்திலிருந்து கூடையோடு வீடு திரும்பியவள் கூடையை எங்கோ போட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள்.

"டேய் கிறிஸ்து! அகஸ்டினாவுக்கு வலி எடுத்துடுச்சுடா. மருத்துவச்சி மொகமே சரியில்ல. வா சீக்கிரம்!"

"அம்மா, சத்தம் போடாத" என்றார் முசே எமீல். "ஒரு பொருள் பாதி எழுதி நிக்குது. பாதி எழுதின பொருள் அரசாங்கத்துதும் இல்ல, உங்களுதும் இல்ல. அதக் கொண்டாந்த ஆளு பக்கத்துல இருந்தாகணும்."

"கத்திய நீயே வச்சிக்கோ முசே. ஆள வுடு!"

"நான் வச்சிக்கக் கூடாது. சட்டம்தான் வச்சிக்கும். பாத்தியா, எண்ணிக்கை தப்பிடுச்சு." முதலிலிருந்து எண்ணினார். பதினேழு சுற்று. எழுதினார். "உடையவங்க பேரு?"

"அகஸ்டினா" என்றான் கிறிஸ்துதாஸ். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னான்.

முசே எமீல் பெயரை எழுதி மையொற்றி, இயக்குநரின் கையெழுத்துக்கு அனுப்பினார். இயக்குநர் மதியத் தூக்கத்தில் இருந்தார். அவர் எழுந்து கையெழுத்திட்டபோது வெயில் சாய்ந்துவிட்டது. கத்தி ஆணியில் மாட்டப்பட்டது. உடையவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்று முசே எமீல் அன்போடு சொன்னார்.

கிறிஸ்துதாஸ் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ரோசாவின் மடியில் ஒரு பெண்குழந்தை அழுதுகொண்டிருந்தது. அகஸ்டினாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

"ஒன் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்ட்டாடா" என்றாள் ரோசா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் ஒருநாளும் எடுக்கவில்லை. தன் எட்டு மாதப் பிள்ளையை ஒரு பக்கமும் இந்தக் குழந்தையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள்.

இறப்பைப் பதியப் போனான். மேசைக்கு அந்தப் பக்கம் முசே எமீல்.

"செத்தவங்களோட பிறந்த சான்று?"

"இல்ல முசே. கனகசெட்டிக்குளத்துல பொறந்தவ. எல்லைக் கல்லு அவங்க வூட்டுக் கொல்லையிலதான் நிக்குது. இங்க கேட்டா இங்கிலீஷ்காரன் பக்கம்னாங்க. அங்க கேட்டா பிரெஞ்சு பக்கம்னாங்க."

"அப்போ ரெண்டு பக்கமும் பொறக்கல."

"செத்துட்டா முசே."

"பொறந்ததுக்கு ஆதாரம் இல்லாதவங்க செத்ததுக்கு நான் எப்பிடி ஆதாரம் குடுக்கறது? கல்யாணப் பதிவு?"

"பொறந்த சான்று இல்லாம இங்க பதிய மாட்டேன்னுட்டீங்க. மாதா கோயில்ல சாமியார் எழுதி வச்சிருக்காரு."

முசே எமீல் பேனாவைக் கீழே வைத்தார். "நான் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவன். முதல் வரிசையில முட்டி போடறவன். ஆனா திங்கக்கிழமை காலையில எனக்குக் கடவுளைத் தெரியாது. குடியரசு கோயில் புத்தகத்தப் படிக்காது."

"அன்னிக்குக் கத்திக்கு எழுதினீங்களே, அவ பேர? அதுக்கு ஒண்ணும் கேக்கலியே."

"அது கத்தியோட பதிவு. கத்தின்னா உடையவங்க இருந்தாகணும். அங்க பேருங்கறது பொருளோட அடையாளம், ஆளோட அடையாளம் இல்ல. வித்தியாசம் புரியுதா?"

கிறிஸ்துதாசுக்குப் புரியவில்லை. முசே எமீல் தாம் இரக்கமற்றவர் அல்லர் என்று சொல்லி, 'பெயர் நிரூபிக்கப்படாத பெண், வயது சுமார் இருபத்துமூன்று' என்று எழுதிக்கொடுத்தார். அந்தத் தாளைக் காட்டி அகஸ்டினாவைப் புதைத்தார்கள்.

குழந்தையைப் பதியப் போனது நான்காம் நாள். அங்கேதான் விஷயம் முற்றியது. தகப்பன் என்று ஒருவன் வந்து சொன்னால் போதாது, எந்தத் தாயிடம் பெற்றான் என்று சொல்ல வேண்டும். தாயின் பெயர் நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தகப்பன் எதற்குத் தகப்பன் என்பது தெரியாமல் போய்விடும். அறுபது நாளுக்குள் படிவத்தில் தாய், தகப்பன் என்ற இரண்டு கட்டமும் நிரம்பாவிட்டால் குழந்தை தாயும் தகப்பனும் அறியப்படாதது ஆகும். உழவர்கரைக்கு அப்பால் இருந்த அநாதை விடுதிக்கு அதை எடுத்துப்போவார்கள்.

"அது எங்கிட்டதானே இருக்கு முசே. என் கையில. எங்க கண்ணு முன்னால."

"இருக்கறது வேற. அறியப்படறது வேற" என்றார் முசே எமீல். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஓர் ஒளி வந்தது. நன்றாக அமைந்துவிட்டது என்று தோன்றியிருக்க வேண்டும், பிரெஞ்சிலும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வேலைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. மூன்றாம் தொட்டியில் ஒற்றைக் கொட்டலசு காலை நீட்டிக்கொண்டிருந்தது. கிறிஸ்துதாஸ் தண்ணீர் மாற்றினான். தலைக்குமேல் ஆணியில் கத்தி தொங்கியது. எட்டினால் எடுத்துவிடலாம். எடுத்தால் திருட்டு.

இருபத்தோராம் நாள் தொட்டி நீரில் தூசி பறப்பதுபோல் ஏதோ தெரிந்தது. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்த முசே குர்போ கத்திய கத்தலில் தெருநாய்கள் குரைத்தன. தூசி அல்ல. குஞ்சுகள். ஒற்றைக் கண்ணோடு நூற்றுக்கணக்கில் நீந்திக்கொண்டிருந்தன.

"பிரான்ஸ் வாழ்க!" என்றார் முசே குர்போ. "தனிமையும் பிரெஞ்சு மண்ணில் மலடாக இராது!"

இதைப் பதிய வேண்டும் என்றார். பிராணிகளுக்கென்று படிவம் இல்லை. அச்சடிக்க விண்ணப்பித்தால் மூன்று வருஷம் ஆகும். ஆகையால் மனிதர்களுக்கான பிறப்புப் படிவத்தையே முசே எமீல் கொண்டுவந்தார். தகப்பன் பெயர்: மூன்றாம் தொட்டி. தாய் பெயர்: மூன்றாம் தொட்டி. திருமண நிலை என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, 'தன்னோடு' என்று எழுதினார்.

ஆனால் சென்னை ஆங்கிலேயர் சும்மா இருப்பாரா? வேறொரு கொட்டலசு எட்டித் தொட்டிருக்கலாம் என்பார். ஆகவே குழு கூடியது. பக்கத்துத் தொட்டியிலிருந்து இந்தத் தொட்டிக்கு முழம் போட்டார்கள். பதினோரு முழம். எந்தக் கொட்டலசுக்கும் அவ்வளவு நீளம் கிடையாது என்று முசே குர்போ அடக்கத்தோடு சொன்னார். அதன்பின் ஒரு நன்னடத்தைச் சான்று தேவைப்பட்டது. இருபத்தொரு நாளும் எவரும் அதை அணுகவில்லை, அதுவும் எவரையும் அணுகவில்லை என்று கண்ணால் பார்த்தவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

பார்த்தவன் கிறிஸ்துதாஸ் ஒருவன்தான்.

"போடு" என்று முசே எமீல் தாளை நீட்டினார். "உன் வார்த்தை போதும். நீ நம்பகமான ஆளு."

கிறிஸ்துதாஸ் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தரவில்லை.

"முசே, அதே படிவத்துல எனக்கு ஒண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"தகப்பன் கிறிஸ்துதாஸ். தாய் கிறிஸ்துதாஸ்."

அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவனுக்கு அழவும் தோன்றவில்லை. எஞ்சியிருந்தது அது ஒன்றுதான், அதைச் சொல்லிவிட்டான்.

முசே எமீல் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். கடைசியில் நிமிர்ந்தபோது அவர் நெற்றி வியர்த்திருந்தது. "தடை ஒண்ணும் இல்ல" என்றார். "தாய் பெண்ணா இருக்கணும்னு எங்கயும் எழுதல. எழுதணும்னு யாருக்கும் தோணல. முன்மாதிரியும் இப்போ பதிவாயிடுச்சு."

"பொய் என்று நிரூபிக்கப்படாத எதையும் விஞ்ஞானம் மறுக்காது" என்றார் முசே குர்போ. அவர் கண்கள் பளபளத்தன. "ஆனால் கொட்டலசுக்கு இருந்த நிபந்தனையே இவனுக்கும் இருக்க வேண்டும். இருபத்தொரு நாள். தனியாக. கண்காணிப்பில். பதினோரு முழத்துக்குள் எந்தப் பெண்ணும் வரக்கூடாது. வந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்."

"பொண்ணுன்னா, கொழந்தையுமா?"

"பெண் பெண்தான்" என்றார் முசே எமீல்.

குழந்தை பிறந்து முப்பதாம் நாள் கிறிஸ்துதாஸ் மூன்றாம் தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். கவர்மெண்டு சுண்ணாம்பால் அவனைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார்கள். காவலன் பக்கிரி வேளைக்கு ஒருமுறை வந்து, 'அணுகவில்லை, அணுகப்படவில்லை' என்று குறித்துக்கொண்டு போனான். சோற்றை வைக்கும்போது, "மாமா, இன்னிக்கு ஏதாவது நீந்துதா?" என்று கேட்பான். முதல் நாள் அவனே சிரித்தான். பிறகு அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

முசே குர்போ விருந்தாளிகளை அழைத்துவந்து காட்டினார். தொப்பி வைத்த சீமாட்டி ஒருத்தி பதினோரு முழத்துக்கு அப்பாலிருந்து விசிறியால் சுட்டி, ஆணா பெண்ணா என்று கேட்டாள். "இரண்டும்தான் மதாம்" என்றார் அவர். கொட்டலசுக்கும் கிறிஸ்துதாசுக்கும் சேர்த்து ஒரே பதில்.

தினமும் காலையில் ரோசா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அறைவாசலுக்கு நேரே பதினோரு முழத்துக்கு அப்பால் இருந்த நிலையத்து வேலிக்கு வெளியே வந்து நிற்பாள். தூக்கிக் காட்டுவாள்.

"பாத்துக்கடி, ஒங்கப்பன. ஒங்கம்மாவும் அவந்தான். ஒடம்பு எளைச்சிருக்கான் பாரு. பெத்த ஒடம்பு, பச்சை ஒடம்பு! டேய், பத்தியம் ஏதாவது வேணுமாடா? பூண்டு உரிச்சுக் கொண்டாரவா?"

அவன் சிரிப்பான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள்.

பத்தொன்பதாம் நாள் அவள் கேலி எதுவும் இல்லாமல் வந்தாள்.

"ரா முழுக்க நெருப்பா கொதிக்குதுடா. பால் குடிக்கல. ஒங்குரல் கேட்டா குடிக்குமோன்னு தூக்கியாந்தேன்."

குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலை ரோசாவின் தோளில் கிடந்தது. கிறிஸ்துதாஸ் எழுந்துவிட்டான். ஒரு கால் கோட்டுக்கு மேல் வந்துவிட்டது.

"தாண்டின, முதல்லேருந்துதான்" என்றார் முசே எமீல் அறைவாசலிலிருந்து. குரலில் கடுமை இல்லை. கணக்கு சொல்லும் குரல்தான். "இன்னிக்கு நாப்பத்தொம்பது. முதல்லேருந்துன்னா எழுவது. அறுவதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவன் நின்றான். தாண்டினால் இன்று குழந்தை கைக்கு வரும், பதினோரு நாளில் போய்விடும். தாண்டாவிட்டால், இன்று போய்விடுமோ என்னவோ. அப்படி நின்றபடியே பேச ஆரம்பித்தான். என்ன பேசினான் என்று அவனுக்குப் பிறகு நினைவில்லை. சங்கரா மீனைப் பற்றி, தூக்குவாளியை மறந்தது பற்றி, குடையை மறந்தது பற்றி ஏதோ பேசினான். தொண்டை கட்டும்வரை பேசினான். ரோசா வேலிக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கொஞ்சம் கழித்து, "குடிக்குதுடா" என்றாள். "நிறுத்தாத. பேசு."

அவன் பேசினான். பின்னால் தொட்டியில் கொட்டலசு காலை நீட்டியது, இழுத்துக்கொண்டது. பக்கிரி வந்து, 'அணுகவில்லை, அணுகப்படவில்லை' என்று குறித்தான்.

இருபத்தொரு நாளும் முடிந்த மறுகாலையில் காய்ச்சல் விட்டிருந்த குழந்தையோடு கிறிஸ்துதாஸ் பதிவு அலுவலகத்தில் நின்றான். முசே எமீல் தம் மிக அழகான கையெழுத்தில் எழுதினார். தகப்பன்: கிறிஸ்துதாஸ். தாய்: கிறிஸ்துதாஸ்.

"கொழந்தை பேரு?"

"அகஸ்டினா."

பேனா நின்றது. "அந்தப் பேர்ல ஒருத்தங்க நம்ம பொருள்பட்டியல்ல இருக்காங்க. கத்திக்கு உடையவங்க. நாளைக்கு இந்தக் கொழந்தை வளந்து வந்து, நான்தான் அகஸ்டினா, கத்தியக் குடுன்னு கேட்டா அரசாங்கம் இன்னா பண்ணும்? வேற சொல்லு."

அவனுக்கு வேறு பெயர் வரவில்லை. பின்னால் வரிசை நின்றது. முசே எமீல் தாமே ஜெனவியேவ் என்று எழுதிக்கொண்டார். அவருடைய சின்னத்தையின் பெயர், நல்ல பெயர் என்றார். இரண்டு இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். தகப்பனாக ஒன்று, தாயாக ஒன்று. முதலாவதைக் கிறிஸ்துதாஸ் சட்டென்று போட்டுவிட்டான். இரண்டாவதன் மேல் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவன் நெடுநேரம் நின்றான். அது அவன் பெயர் நிற்க வேண்டிய இடம் அல்ல, வேறொருத்தியின் இடம். இதைப் போட்டால் அவள் இருந்ததற்கு இனி எந்தத் தாளிலும் இடமில்லை. குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. போட்டான்.

"வாழ்த்துகள்" என்று முசே எமீல் எழுந்து கைகொடுத்தார். "ரெண்டு பேருக்கும்."

கொட்டலசு அந்த ஐப்பசி மழையில் செத்தது. தொட்டியில் நன்னீர் கலந்துவிட்டது. அதன் இறப்பு முறைப்படி, பெயரோடு பதியப்பட்டது. சென்னை ஆங்கிலேயர் கடைசிவரை பதில் எழுதவில்லை. முசே குர்போ மார்பில் ஒரு பதக்கத்தோடு ஊர் திரும்பினார். ஜெனவியேவ் ரோசாவின் பிள்ளையோடு மணலில் ஓடி விளையாடும் வயதுக்கு வந்தாள்.

வருஷப் பிறப்பன்று நிலையத்தில் பொருள்பட்டியலை வாசித்துச் சரிபார்ப்பார்கள். வாசிப்பது தொட்டிக்காரன் வேலை. கிறிஸ்துதாஸ் வாசிப்பான், முசே எமீல் பார்த்துத் தலையாட்டுவார். நாற்பதாம் எண் துருப்பிடித்த சுரண்டி, இருக்கிறது. அடுத்த வரிக்கு வரும்போது கிறிஸ்துதாஸ் எழுந்து நிற்பான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"நாற்பத்தொன்று. சமையல் கத்தி ஒன்று. பிடியில் நீலக் கயிறு, பதினேழு சுற்று. உடையவர் அகஸ்டினா. நேரில் வரவில்லை."

முசே எமீல் ஆணியிடம் போய் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். பதினேழு இருக்கும்.